வெளிநாட்டுப் பெட்டியில வந்த விளையாட்டுச் சாமான்: எதைப் பிள்ளையிட்டைக் குடுக்கலாம்?

கோண்டாவில்_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில இருந்து அண்ணா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிக்கினம். ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் கொண்டு வந்தவை. கொஞ்சம் புதுசு, மிச்சம் அவையின்ர பெரிய பிள்ளையள் சின்னனில வச்சு விளையாடினது. விமானத்தில கிலோ கூடிப்போகுமெண்டு கடை மட்டைப்பெட்டியள் எல்லாத்தையும் அங்கையே எறிஞ்சுபோட்டு வந்திட்டினம். எது எத்தினை வயசுக்கு எண்டு இப்ப ஒண்டிலயும் இல்லை. மூத்தவனுக்கு நாலு வயசு. சின்னவளுக்குப் பத்து மாசம், கண்டதெல்லாம் வாய்க்குள்ள. அம்மா சொல்லுறா, வெளிநாட்டுச் சாமான்தானே, யோசிக்காமல் குடு எண்டு. எனக்கு மனம் கேக்கேல்லை. எப்பிடிப் பிரிக்கிறது?

பழைய_பெடியன்
தங்கச்சி, நாங்கள் பனங்காய் வண்டில் உருட்டி, போளை அடிச்சு, கிட்டிப்புள்ளு விளையாடி வளந்த ஆக்கள். வயசு பாத்து ஆர் குடுத்தது? இப்பத்தைய தாய்மார் எல்லாத்துக்கும் பயம். குடுங்கோ, பிள்ளை விளையாடட்டும்.

தாதி_அக்கா
அண்ணை, நீங்கள் சொல்லுற காலத்தில வீட்டில பற்றறி இருந்ததோ? சண்டைக் காலத்தில வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையில சாதாரண ரோர்ச் பற்றறியே வவுனியா தாண்டி வரேல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். இண்டைக்கு ஒரு வீட்டில எத்தினை சாமானுக்குள்ள பொத்தான் பற்றறி கிடக்குது எண்டு எண்ணிப் பாருங்கோ. பாட்டுப் பாடுற பொம்மை, வெளிச்சம் அடிக்கிற சப்பாத்து, லேசர் லைற், பாட்டு வாழ்த்து மட்டை, ஏசி றிமோட். பனங்காய் வண்டிலோட இதை ஒப்பிடேலாது.

கோண்டாவில் தங்கச்சி, நீங்கள் முதல் பாக்க வேண்டியது பற்றறிதான். மற்றதெல்லாம் பிறகு.

காசு அளவில வட்டமா இருக்கிற லித்தியம் பற்றறி குழந்தையின்ர களத்தில, அதாவது சாப்பாட்டுக் குழாயில, சிக்கினால் அங்கையுள்ள ஈரத்தோட சேந்து மின்சாரம் ஓடத் தொடங்கும். பற்றறி வெடிக்கவோ ஒழுகவோ தேவையில்லை. மறை, அதாவது மைனஸ், பக்கத்தில கடுங்காரம் உருவாகித் தசையை அரிக்கும். 2 மணித்தியாலத்துக்குள்ளயே ஆழமான புண் வந்திடும். எடுத்த பிறகும் அந்தப் புண் உள்ளுக்குள்ள போய்க்கொண்டிருக்கலாம். பக்கத்தில பெரிய இரத்தக் குழாய் இருக்கிறதாலதான் இதை நாங்கள் இவ்வளவு பெரிசா எடுக்கிறது.

விழுங்கினதை ஒருத்தரும் காணாட்டில் கண்டுபிடிக்கிறது கஷ்டம். வீணீர் வடியும், சாப்பிடமாட்டுது, இருமல், சத்தி. தடிமன் எண்டு நினைச்சு இருந்திடுவினம். சந்தேகம் வந்தாலே எக்ஸ்றே எடுக்க வேணும். படத்தில காசு மாதிரித் தெரியும், ஆனால் விளிம்பில இரட்டை வளையம் இருக்கும்.

மின்திருத்தம்
தாதி அக்கா சொன்னதோட என்ர பங்குக்கு. நான் ரீவி, றிமோட் திருத்துற ஆள். பற்றறியில இருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ. சிஆர் 2032 எண்டால் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர், 3 வோல்ற். இந்த 20 மில்லிமீற்றர் சாதிதான் சின்னப் பிள்ளையின்ர களத்தில வடிவா இறுகிற அளவு. சின்ன எல்ஆர் 44 இன் விட்டம் 11.6 மில்லிமீற்றர், 1.5 வோல்ற். அது கூடுதலா வயித்துக்குப் போயிடும், எண்டாலும் மூக்குக்குள்ள, காதுக்குள்ள செருகினால் அங்கையும் அரிக்கும்.

"செத்த" பற்றறி பயமில்லை எண்டு நினைக்காதேங்கோ. பொம்மையை ஓட்டப் பத்தாத பற்றறியிலயும் புண்ணாக்கக் காணுமான கரண்ட் மிச்சமிருக்கும். கனபேர் பழசைக் கழட்டி மேசையில வச்சிட்டுப் புதுசைப் போடுவினம். அந்த மேசைதான் பிரச்சினை. கழட்டின கையோட இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில வையுங்கோ.

பெட்டியில வந்த ஒவ்வொரு சாமானையும் திருப்பிப் பாருங்கோ. பற்றறி மூடி ஸ்குறூ ஆணி போட்டு இறுக்கியிருக்க வேணும். நகத்தால தள்ளித் திறக்கக் கூடியதா இருந்தால் பற்றறியைக் கழட்டிப்போட்டுச் சும்மா விளையாடக் குடுங்கோ, இல்லாட்டி எறியுங்கோ. ஸ்குறூ இருந்த ஓட்டை மட்டும் இருந்து ஆணி துலைஞ்சு போயிருக்கும், பழைய சாமானில அதுதான் கூட. ஆணி கடையில வாங்கலாம், பெரிய செலவில்லை. கீழ விழுத்திப் பாருங்கோ, மூடி கழருதோ எண்டு. அமெரிக்காவில 2022 இல ஒரு சட்டமே வந்தது, ரீஸ் சட்டம் எண்டு. றிமோட் பற்றறியை விழுங்கினதால 18 மாதத்தில செத்துப்போன பிள்ளையின்ர பேரில வந்தது. விளையாட்டுச் சாமான் இல்லாத பொருளிலயும் பற்றறி மூடி பிள்ளை திறக்கேலாத மாதிரி இருக்க வேணும் எண்டு.

கோண்டாவில்_அம்மா
இப்பவே பாத்தன். பாட்டுப் பாடுற ஆமையில ஆணி இல்லை, மூடி செலோடேப்பில நிக்குது!! அதுக்குள்ள மூண்டு சின்னப் பற்றறி.
தாதி அக்கா, தப்பித்தவறி விழுங்கினால் உடன என்ன செய்யிறது? சத்தி எடுக்க வைக்கலாமோ?

தாதி_அக்கா
வேண்டாம். சத்தி எடுக்க வைக்கவே கூடாது. சோறு, வாழைப்பழம் விழுங்க வச்சு உள்ளுக்குத் தள்ளுற வேலையும் வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்கு உடன வெளிக்கிடுங்கோ. வாகனமில்லை எண்டால் 1990 க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ், காசு கட்டத் தேவையில்லை. அதே மாதிரி இன்னொரு பற்றறியோ, பைக்கற்றோ இருந்தால் கையோட கொண்டு போங்கோ, வைத்தியருக்கு இலக்கம் தெரியும்.

ஒண்டு மட்டும் வழியில செய்யலாம். பிள்ளைக்கு ஒரு வயசுக்கு மேல, விழுங்கி 12 மணித்தியாலத்துக்குள்ள, விழுங்கக் கூடிய நிலையில இருந்தால், 10 நிமிசத்துக்கு ஒருக்கா 2 தேக்கரண்டி தேன், 6 தடவை மட்டும். தேன் பற்றறியை மூடிப் பிடிச்சு அரிப்பை மெதுவாக்கும், குணப்படுத்தாது. தேன் தேடிக்கொண்டு வீட்டில நிக்கிறது பிழை, இருந்தால் எடுத்துக்கொண்டு ஓடுங்கோ. உங்கட சின்னவளுக்குப் பத்து மாசம், அவளுக்குத் தேன் எந்தக் காரணத்துக்கும் இல்லை. ஒரு வயசுக்குக் கீழ தேனால பொட்டுலிசம் எண்ட நோய் வரலாம். பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கிற பழக்கம் எங்கட வீடுகளில இருக்கிறதால இதைச் சொல்லுறன்.

ரொறன்ரோ_மாமா
பிள்ளை, இஞ்ச இருந்து சாமான் அனுப்புற ஆக்களில நானும் ஒருத்தன். உங்கட அம்மா சொல்லுற "வெளிநாட்டுச் சாமான்" கதையில ஒரு ஓட்டை இருக்கு. வெளிநாட்டில விக்கிற சாமான் எல்லாம் நல்லதெண்டில்லை. பிழையானதைக் கண்டுபிடிச்சுத் திருப்பி எடுக்கிறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, அவ்வளவுதான். அந்த ஏற்பாடு சாமானோட சேந்து விமானம் ஏறாது. கடையில திருப்பிக் குடுங்கோ எண்டு இஞ்ச அறிவிக்கேக்க, அந்தச் சாமான் கோண்டாவிலில ஒரு பிள்ளையின்ர கையில இருக்கும்.

பெரிய பிள்ளையள் விளையாடின சாமான் எண்டு எழுதியிருக்கிறியள். அவைக்கு இப்ப இருபது வயசு மட்டில எண்டால் அந்தப் பொம்மையள் 2005, 2006, 2007 காலத்தையது. அதுதான் பொம்மைக் கம்பனியளுக்கு மோசமான காலம். 2007 ஓகஸ்டில மட்டெல் கம்பனி பெயின்டில ஈயம் கூட எண்டு பிஷர் பிறைஸ் பொம்மையள் பத்து லட்சத்துக்குக் கிட்டத் திருப்பி எடுத்தது. அதே மாதம் கழரக்கூடிய சின்னக் காந்தம் உள்ள சாமானையும் இலட்சக்கணக்கில எடுத்தவை. அதே வருசம் நவம்பரில தண்ணி தெளிச்சு ஒட்டுற மணி விளையாட்டு ஒண்டு. விழுங்கின மணி வயித்துக்குள்ள போய் மயக்க மருந்தா மாறிப் பிள்ளையள் நினைவு தப்பினவை. அதுக்குப் பிறகுதான் அமெரிக்காவில பெயின்டில ஈயத்தைப் பத்து லட்சத்தில 600 பங்கில (பிபிஎம்) இருந்து 90 பங்குக்குக் குறைச்சது, 2009 இல. ஆகவே பெட்டியில பழைய சாமான்தான் கூடுதலாச் சந்தேகப்பட வேண்டியது, புதுசில்லை.

கம்பனிப் பேரும் மொடல் இலக்கமும் பொம்மையின்ர அடியிலயோ, துணிப் பொம்மை எண்டால் தைச்ச துண்டிலயோ இருக்கும். கனடா சுகாதாரத் திணைக்களத்தின்ர மீளப்பெறல் பட்டியல், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழுவின்ர பட்டியல், ஐரோப்பாவின்ர சேவ்ற்ரி கேற் பட்டியல், மூண்டும் சும்மா பாக்கலாம். சேவ்ற்ரி கேற்றில படமும் இருக்கு. அனுப்புற ஆக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மட்டைப்பெட்டியை எறியிறதெண்டால் எறியுங்கோ, அதுக்கு முதல் ஃபோனில ஒரு படம் எடுங்கோ.

முன்பள்ளி_ரீச்சர்
மட்டைப்பெட்டி இல்லாட்டியும் அளவைச் சோதிக்கலாம். மூண்டு வயசுக்குக் கீழ எண்டதுக்கு வச்சிருக்கிற அளவு ஒரு சின்னக் குழாய், விட்டம் 31.7 மில்லிமீற்றர். ஆழம் சரிவா, ஒரு பக்கம் 25.4, மற்றப் பக்கம் 57.1. அந்தக் குழாய்க்குள்ள அமத்தாமல் முழுசாப் போற எந்தத் துண்டும் சின்னப் பிள்ளையின்ர தொண்டையை அடைக்கலாம் எண்டு கணக்கு.

கடையில தேடத் தேவையில்லை. மட்டைக் கடதாசியில சரியா 10 சென்ரிமீற்றர் நீளத்தில ஒரு துண்டு வெட்டி, இரண்டு ஓரமும் முட்டுற மாதிரி வளைச்சு ஒட்டுங்கோ. விட்டம் அந்த அளவுக்கே வரும். பந்துக்கு வேற அளவு, உருண்டை சாமான் மூச்சுக் குழாயை முழுசா மூடிப்போடும் எண்டதால 44.5 மில்லிமீற்றர். பந்தைச் சுத்தி நூல் பிடியுங்கோ, 14 சென்ரிமீற்றருக்குக் குறைய வந்தால் மூண்டு வயசுக்குக் கீழ குடுக்கிறேல்லை. போளை பக்கத்திலயும் வராது, சொல்லத் தேவையில்லை.

முழுப் பொம்மையை மட்டும் போட்டுப் பாக்காதேங்கோ. கண்ணைப் பிடிச்சு இழுங்கோ, சில்லைத் திருகுங்கோ, தையலைப் பிரிச்சுப் பாருங்கோ. கழரிற துண்டுதான் கணக்கு. ஒரு சிவப்பு வட்டத்துக்குள்ள 0-3 எண்டு போட்டு குழந்தை முகத்துக்குக் குறுக்கே கோடு இழுத்திருந்தால், "என்ர பிள்ளை கெட்டிக்காரன், மூண்டு வயசுச் சாமான் விளையாடுவான்" எண்டு அர்த்தம் எடுக்கிற தாய்மாரை நான் ஒவ்வொரு வருசமும் காணுறன். அது கெட்டித்தனத்துக்குப் போட்ட குறியில்லை, தொண்டைக்குப் போட்டது.

இன்னொண்டு, தண்ணி முத்து. பூச்சாடிக்குப் போடுற, தண்ணியில ஊறினால் கண்ணாடிப் போளை அளவுக்கு வீங்கிற ஜெல் உருண்டை. யூரியூப்பைப் பாத்து முன்பள்ளியளில பேசினுக்குள்ள கொட்டி விளையாட விடுகினம். விழுங்கினால் குடலுக்குள்ள வீங்கி அடைக்கும், எக்ஸ்றேயில வடிவாத் தெரியாது. அமெரிக்காவில பெரிய கடையள் 2023 கடைசியில பிள்ளையளுக்கெண்டு விக்கிறதை நிப்பாட்டினதுக்குப் பிறகும் இஞ்ச சின்னப் பைக்கற்றில கிடைக்குது. எங்கட முன்பள்ளியில இதுக்கு இடமில்லை. ஊறப்போட்ட பயறும் கடலையும் எண்டாலும் சின்னதுக்குக் குடுக்கேக்க பக்கத்தில இருக்க வேணும்.

பழைய_பெடியன்
சரி, பற்றறிக் கதையை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் இதுக்கெல்லாம் மருந்து எங்கட சாமான்தான். பனையோலைக் கிலுக்கு, மரச் சில்லு வண்டில், துணிப் பொம்மை. பிளாஸ்ரிக்கை விட்டால் பாதிப் பிரச்சினை முடிஞ்சுது.

தாதி_அக்கா
பாதி உண்மை அண்ணை. ஓலைக் கிலுக்குக்குள்ள என்ன போட்டிருக்கு எண்டு பாத்தனியளோ? சின்னக் கல்லெண்டால் தொண்டைப் பிரச்சினை. சிவப்பும் கறுப்பும் வடிவா இருக்குதெண்டு குன்றிமணி போட்டிருந்தால் அது நஞ்சு. முழுசா விழுங்கினால் தோல் கடினம், அப்பிடியே வெளியில வந்திடும் எண்டு சொல்லலாம், ஆனால் கடிச்சாலோ, ஓட்டை போட்டுக் கோத்த மணியெண்டாலோ விசம் வெளியில வரும். அலரிக் கொட்டையை வச்சு விளையாட விடுறதும் அப்பிடித்தான், வேலியில நிக்கிற மஞ்சள் அலரி இதயத்தைப் பிடிக்கும். மரச் சாமானுக்கு அடிச்ச பெயின்ட் என்ன பெயின்ட்? கதவுக்கு அடிச்சு மிஞ்சின எனாமலோ? ஈயம் கண்ணால தெரியாது, மணக்காது. பிள்ளைக்கு வருத்தமும் உடன காட்டாது, மூளை வளர்ச்சியைத்தான் மெல்லமாப் பிடிக்கும். பெயின்ட் உரியிற எதையும் வாயில வைக்கிற வயசுக்குக் குடுக்காதேங்கோ. பெயின்ட் அடிக்காத மரம், ஓரம் தேய்ச்சது, அது நல்லது.

சந்தைக்கடை
நான் யாழ்ப்பாணத்தில விளையாட்டுச் சாமான் கடை வச்சிருக்கிறன், திருவிழாவுக்குக் கோயிலடியில தட்டியும் போடுறனான். எல்லாரும் வியாபாரியைத்தான் திட்டுவினம் எண்டு தெரிஞ்சும் எழுதுறன். நாங்கள் கொழும்பு புறக்கோட்டையில மொத்தமா எடுக்கிறம். கனக்கப் பைக்கற்றில செய்தவன் பேரே இல்லை. நல்ல கம்பனிச் சாமானும் வச்சிருக்கிறன், தூசு பிடிச்சுக் கிடக்குது. வாற சனம் கேக்கிறது ஒண்டே ஒண்டு, "அண்ணை, இதைவிட மலிவா இல்லையோ?" பற்றறி மூடியில ஆணி இருக்கோ எண்டு ஒரு தாய் கேட்டது கிடையாது.

ஒரு கேள்வி. சில பைக்கற்றில சி.இ. எண்டு போட்டிருக்கு. அது சீன ஏற்றுமதிக் குறி, ஒண்டுக்கும் உதவாது எண்டு ஒருத்தர் சொல்லுறார். மெய்யோ?

ரொறன்ரோ_மாமா
அது சும்மா பரவின கதை, அப்பிடி ஒரு சீனக் குறி இல்லை. சி.இ. எண்டது ஐரோப்பிய விதிக்கு அமைவா இருக்கு எண்டு செய்தவன் தானே ஒட்டுற உறுதிமொழி. ஆய்வுகூடம் குடுத்த சான்றிதழ் எண்டு நினைக்கப்படாது. கள்ளமாவும் அச்சடிப்பினம். அதே விதி செய்தவன்ர பேரும் முகவரியும் போட வேணும் எண்டும் சொல்லுது. ஆகவே குறி மட்டும் இருந்து பேர் இல்லாட்டில் குறிக்கு மதிப்பில்லை எண்டு எடுங்கோ.

மட்டுறுத்துநர்
பொதுத் தகவலுக்கு: இலங்கையில பொருள் சம்பந்தமான முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. அதிகாரசபை 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டத்தில அமைஞ்சது. முறைப்பாட்டுக்குப் பற்றுச்சீட்டு உதவும், கேட்டு வாங்குங்கோ. இழையில கடைப் பேர் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறம்.

கோண்டாவில்_அம்மா
சந்தைக்கடை அண்ணை, உங்களைத் திட்டேல்லை. நீங்களே சொல்லுங்கோ, உங்கட பிள்ளைக்கு உங்கட கடையில இருந்து எதைக் குடுக்க மாட்டியள்?

சந்தைக்கடை
வடிவான கேள்வி தங்கச்சி. மஞ்சள் குண்டு போட்டுச் சுடுற துவக்கு குடுக்க மாட்டன், கண் போகும். குட்டிக் காந்த உருண்டைப் பைக்கற் குடுக்க மாட்டன். பலூன் குடுப்பன், ஆனால் சின்னதுக்கு இல்லை.

தாதி_அக்கா
காந்தத்தைப் பற்றி அண்ணை சொன்னது சரி. ஒரு காந்தம் விழுங்கினால் பெரும்பாலும் தானா வெளியில போயிடும். இரண்டு எண்டால், அல்லது ஒரு காந்தமும் ஒரு இரும்புத் துண்டும் எண்டால், குடலின்ர இரண்டு மடிப்பு நடுவில அம்பிட அது ஒண்டையொண்டு இழுத்துப் பிடிக்கும். நடுவில இருக்கிற தசைக்கு இரத்தம் போகாது, ஓட்டை விழும். முதல் நாள் வயித்துக்குத்து, சத்தி மட்டும்தான். பெரிய பிள்ளையளும் விழுங்குதுகள், மூக்குத்தி, நாக்குத்தோடு மாதிரி இரண்டு பக்கமும் வச்சு விளையாடேக்க.

பலூன் பற்றி அவர் சொன்னதையும் கேளுங்கோ, நல்லூர்த் திருவிழாவில ஆளுக்கொண்டு கையில. ஊதின பலூனை விட வெடிச்ச துண்டுதான் கூடாது. றப்பர் துண்டு தொண்டையில படிஞ்சு ஒட்டிப்போடும், முதுகில அடிச்சாலும் லேசில வராது. அமெரிக்காவில பலூன் பைக்கற்றில 8 வயசுக்குக் கீழ ஆபத்து எண்டு எழுதியே விக்க வேணும். வெடிச்ச உடன துண்டுகளைப் பொறுக்குங்கோ, பிள்ளையை வாயால ஊத விடாதேங்கோ.

தொண்டை அடைச்சால்: சத்தமா இருமினால் இரும விடுங்கோ. இருமவோ அழவோ ஏலாட்டில், ஒரு வயசுக்குக் கீழ எண்டால் தலை கீழ சரிச்சு இரண்டு தோளுக்கும் நடுவில 5 அடி, பிறகு மல்லாத்தி நெஞ்சு நடுவில ஒரு உள்ளங்கையின்ர அடிப்பாகத்தால 5 அமத்தல். ஒரு வயசுக்கு மேல எண்டால் 5 முதுகடி, 5 வயித்து அமத்தல். மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டாதேங்கோ, உள்ளுக்குத் தள்ளுப்படும்.

மின்திருத்தம்
காஸ் பலூனுக்கு ஒரு வரி: ஹீலியம் எண்டால் நெருப்புப் பிடிக்காது, விலை கூட. ஹைட்ரஜன் எண்டால் பிடிக்கும். பலூனைப் பாத்து எது எண்டு சொல்லேலாது. கற்பூரச் சட்டி, தூக்குக்காவடிக் கூட்டம், சிகரெட், இதுக்கு நடுவில காஸ் பலூனைக் கட்டாகக் கொண்டு திரியிற ஆளுக்குப் பக்கத்தில பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிக்காதேங்கோ.

அதோட சந்தைக்கடை அண்ணைக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை விளக்கீட்டுக்கு எண்டு மினுங்கிற பிளாஸ்ரிக் விளக்கு வருது தெரியுமோ? அதுக்குள்ளயும் 2032 தான். கனக்க விளக்கில ஆணி கிடையாது. பேர் விளக்கு எண்டதால ஒருத்தரும் விளையாட்டுச் சாமானாப் பாக்கிறேல்லை. வாசலில நிலத்தில வரிசையா வைக்கிற சாமான் அது, தவழுற பிள்ளையின்ர உயரத்தில.

சந்தைக்கடை
அது போன வருசம் நல்லா வித்தது. இந்த முறை ஆணி உள்ளதாத் தேடிப் பாக்கிறன். விலை கூடும், அப்ப வந்து பேரம் பேசப்படாது.

கோண்டாவில்_அம்மா
பேசமாட்டன் அண்ணை. 😊
கடைசியா ஒண்டு, பிள்ளையை நடுவில இருத்தி விடுற சில்லு வோக்கர். அண்ணி சொல்லுறா கனடாவில எங்கயும் வாங்கேலாமல் போச்சு, இஞ்ச வாங்கித் தாறன் எண்டு. அங்க ஏன் இல்லை?

ரொறன்ரோ_மாமா
2004 இல தடை செய்தவை பிள்ளை. சில்லுப் பூட்டின நடைவண்டிலை விக்க, இறக்குமதி செய்ய, விளம்பரம் போட ஏலாது. பழசைக்கூட விக்கப்படாது, உடைச்சு எறியச் சொல்லித்தான் அரசாங்கம் சொல்லுது. படிக்கட்டில உருண்டு மண்டை உடைஞ்ச பிள்ளையள்தான் காரணம். எங்கட ஊர் வீடுகளை யோசியுங்கோ. உயர்ந்த விறாந்தை, இரண்டு மூண்டு படி, முத்தம், அங்கால கிணத்துக்கட்டு. வோக்கரில பிள்ளை நீங்கள் எழும்பி எட்டிப் பிடிக்க முதல் விளிம்புக்குப் போயிடும். சூடான கேத்தில், நெருப்பு எல்லாத்துக்கும் கை எட்டும். நடக்கவும் கெதியாப் பழகாது. நிலத்தில பாய் விரிச்சு விடுங்கோ, காணும்.

முன்பள்ளி_ரீச்சர்
பின்னால பிடிச்சுத் தள்ளிக்கொண்டு நடக்கிற மர வண்டில் வேற, இது வேற. குழப்பாதேங்கோ. பிள்ளை தானா எழும்பி நிக்கத் தொடங்கினாப் பிறகு அது பரவாயில்லை, படியடியில மட்டும் வேண்டாம்.

சந்தைக்கடை
என்னட்டை வோக்கர் கொஞ்சம் கிடக்குது. வாங்கின காசு எனக்குத்தான் தெரியும். கொழும்புக்காரன் திருப்பி எடுப்பானோ எண்டு கேட்டுப் பாக்கிறன். எடுக்காட்டில் என்ன செய்யிறதெண்டு இன்னும் யோசிக்கேல்லை, இப்போதைக்குக் கடை வாசலில தொங்கிறதைக் கழட்டி உள்ளுக்கு வச்சிருக்கிறன்.